கஷ்டமர்

பின் சக்கரம்தான் அண்ணாச்சி. ஆணி ஏதாவது ஏறியிருக்கும். காந்தி நகர் திருப்பத்தில் காற்று இறங்கிவிட்டது. அங்கிருந்து தள்ளிக்கொண்டே வருகிறேன். வழியில் இரண்டு பஞ்சர் கடைகள் இருந்தன. இரண்டும் பூட்டியிருந்தன.

அவசரமில்லை, மெதுவாகக் கழற்றுங்கள். பெஞ்சா? வேண்டாம், நிற்கிறேன். நிற்பதுதான் எனக்குப் பழக்கம். இன்சூரன்ஸ்காரன் நான், இருபத்திரண்டு வருஷமாக. பெயர் சௌந்தரபாண்டி. மற்றவர்கள் உட்காருகிற நேரம்தான் எங்களுக்கு வேலை நேரம். காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நடந்து முடித்துவிட்டுச் சிமென்ட் மேடையில் உட்காருவார்கள் இல்லையா, அப்போது போய்ப் பிடிக்கவேண்டும். பதினோரு மணிக்குச் சமையல் முடித்துப் பெண்கள் உட்காருவார்கள். இரண்டு மணிக்குக் கடைக்காரர்கள். எட்டு மணிக்குமேல் தறியிலிருந்து இறங்கினவர்கள். ஊர் உட்காரும்போது நாம் நிற்கவேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இதைத்தான் சொல்வேன்.

பயப்படாதீர்கள், பாலிசி போடச் சொல்ல வரவில்லை. எங்களைப் பார்த்தாலே எல்லோருக்கும் வாய் ஒட்டிக்கொள்ளும். ஓ, வாயில் வால்வு மூடி. சரி, சரி. வேலையைப் பாருங்கள். நான் பேசிக்கொண்டிருப்பேன். அதுவும் பழக்கம்தான்.

இப்போது நான் நேராக விற்பதில்லை. ஆள் சேர்க்கிற வேலை. யூனிட் மேனேஜர் என்று பெயர். புதிய ஏஜென்டுகளைச் சேர்த்து, பழக்கி, ஓடவிடவேண்டும். வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். சம்பளம் எவ்வளவு? வேலை நேரம் என்ன? இரண்டுக்கும் என்னிடம் பதில் உண்டு. சம்பளத்துக்கு எல்லை கிடையாது. நேரம் உங்கள் கையில். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். கை தட்டுவார்கள். யாரும் தட்டவில்லையென்றால் பின்வரிசையில் பழைய ஏஜென்ட் ஒருவரை உட்காரவைத்திருப்பேன், அவர் தட்டுவார்.

மாரீஸ்வரி கை தட்டவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டுக் கை தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குவது மாதிரி. "சார், எல்லை கிடையாதுன்னா கீழ்ப்பக்கமும் கிடையாதா?" என்று கேட்டாள்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். நல்லா பேசுறே, இந்த வாய் போதும், பிழைச்சுக்குவே என்றேன். அது பதில் சொல்லவேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றவில்லை. பொய் நான் சொல்லவில்லை அண்ணாச்சி. எல்லை கிடையாதுதான். முதல் மாதம் அவளுக்கு வந்தது பெட்ரோலுக்குக் காணவில்லை. இரண்டாவது மாதம் ஒன்றுமே வரவில்லை. அப்படியும் உண்டு.

நர்சரிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். காலை எட்டரை முதல் மாலை நாலரை வரை, மாதம் ஆறாயிரம். அதை விட்டுவிட்டு வந்தாள். நான் விடச் சொல்லவில்லை. "ஆறாயிரத்துக்கு மேல ஒரு ரூபா ஏறுமா அங்க?" என்று மட்டும் கேட்டேன். வீட்டுக்காரன் காளிராஜன் விசைத்தறியில் நாள்கூலி. ஒரே மகள், ஆறாவது படிக்கிறாள்.

சேர்ந்த அன்றைக்கு ஒரு தாள் கொடுப்போம். ஒன்றிலிருந்து நூறு வரை எண் போட்டிருக்கும். தெரிந்தவர்கள் பெயரை வரிசையாக எழுதவேண்டும். கல்யாணப் பத்திரிகை யார் யாருக்கு வைத்தாயோ அவர்களை எழுது என்பேன். அதுதான் முதலீடு. ஒரு மனுஷிக்கு நூறு பேரைத் தெரியாமலா போய்விடும்? மாரீஸ்வரி மூன்று நாள் எழுதினாள். அறுபதில் நின்றுவிட்டாள். "இவ்வளவுதான் சார் எனக்குத் தெரிஞ்சவங்க" என்று ஏதோ தப்புச் செய்தவள் மாதிரி நின்றாள். யோசி, யோசி, பால்காரன் இல்லையா, பூக்காரி இல்லையா என்றேன். இன்னும் ஒரு பெயர் எழுதிக்கொண்டு வந்தாள். பெயர்கூட இல்லை.

இதோ, அந்தத் தாள் என்னிடம்தான் இருக்கிறது. கடைசி வரியைப் பாருங்கள். உங்கள் கையில் கறை இருக்கிறது, தொடவேண்டாம், நானே வாசிக்கிறேன். 'அறுபத்தொன்று. பஞ்சர் கடை அண்ணன், பந்தல்குடி ரோடு.' அதற்குக் கீழே வெறும் எண்கள். நூறு வரைக்கும்.

இப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறீர்கள்.

ஆமாம், அந்தப் பெண்தான். சிவப்பு ஸ்கூட்டி. தோளில் கறுப்புப் பை. உங்களுக்குத் தெரியாதா? வருவது நின்றதும் வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்று நினைத்திருப்பீர்கள். போன வருஷம் மார்ச் மாதம், பதினெட்டாம் தேதி. பைபாஸ் சந்திப்பில் தண்ணீர் லாரி. இங்கிருந்து நாலு கிலோமீட்டர். லாரிக்காரன் மேல் தப்பில்லை என்றார்கள். வண்டி தானாகப் போய் அதன் பக்கத்தில் சாய்ந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

டியூபைத் தண்ணீரில் திருப்பித் திருப்பி அமுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். விடுங்கள் அண்ணாச்சி. குமிழி வராது. ஓட்டை இல்லை. நான்தான் வால்வைத் திறந்து காற்றை இறக்கினேன். வழியில் இருந்த கடைகளும் பூட்டவில்லை. சும்மா வந்து நின்று பேச்சுக் கொடுத்தால் நீங்கள் பேசமாட்டீர்கள் என்று நினைத்தேன். வேலை கொடுத்தும் பேசவில்லை, பாருங்கள். டியூபை உள்ளே போட்டு மாட்டிவிடுங்கள். கூலி கொடுத்துவிடுகிறேன். நான் கேட்க வந்தது வேறு.

முழுவதும் சொன்னால்தான் புரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு நோட்டு உண்டு. எத்தனை மணிக்கு யாரைப் பார்த்தோம் என்று எழுதவேண்டும். பார்த்தால் ஒரு டிக். எல்லோரும் ராத்திரி உட்கார்ந்து கற்பனையில்தான் எழுதுவார்கள், எனக்குத் தெரியும். மாரீஸ்வரி அப்படி இல்லை. நர்சரியில் பாடக்குறிப்பு எழுதின கை. ஐந்து ஐம்பது மைதானம், ஏழு பத்து பால் சொசைட்டி என்று இரவு ஒன்பதே முக்கால் நெசவாளர் காலனி வரைக்கும் நிமிஷம் போட்டு எழுதுவாள். ஒரு நாள் கூட்டிப்போட்டு என் மேஜையில் வைத்தாள். "பதினாறு மணி நேரம் வருது சார். பள்ளிக்கூடத்துல எட்டுதான்." எனக்குக் கோபம் வந்தது. "யாரும்மா உன்னைப் பதினாறு மணி நேரம் பார்க்கச் சொன்னா? நேரம்தான் உன் கையில இருக்கே!" என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள். விளையாட்டுக்குத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். சிரிக்கவில்லை.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஆறு பாலிசி. ஆறு முடித்தால்தான் மூன்று மாத உதவித்தொகை கிடைக்கும். ஐந்து முடித்தாலும் ஒன்றும் கிடையாது. அது கம்பெனி வைத்த சட்டம். அவளுக்கு நாலு ஆகியிருந்தது. அக்கா ஒன்று, கூட வேலை பார்த்த டீச்சர் ஒன்று, காளிராஜன் பெயரில் ஒன்று, தன் பெயரிலேயே ஒன்று. "ஏப்ரல்ல பள்ளிக்கூடத்துக்கே போயிடட்டுமா சார்?" என்று கேட்டாள். "போறவங்களை நான் தடுக்கமாட்டேன். ஆனா தோத்துட்டுப் போனாங்கன்னுதான் பேசுவாங்க" என்றேன். ஊக்கப்படுத்துவதற்காகச் சொல்வதுதான். எல்லோரிடமும் சொல்வேன்.

அப்புறம் போன். புதியவர்களுக்கு மணிக்கொரு தடவை போன் செய்வேன். 'எங்க இருக்கே?' அவ்வளவுதான் கேட்பேன். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்கவேண்டும். எடுத்ததும் பேசமுடியாது என்று சொல்ல ஒரே ஒரு காரணம்தான் உண்டு. 'கஸ்டமர்கிட்ட இருக்கேன் சார்.' அந்த ஒரு வார்த்தை வந்துவிட்டால் நான் வாயைத் திறக்கமாட்டேன். கோவிலில் நடை சாத்தின மாதிரி. வைத்துவிடுவேன்.

அன்றைக்கு இரண்டே முக்காலுக்கு அடித்தேன். எடுத்தது ஆண் குரல்.

"அவங்க கஷ்டமர்கிட்ட இருக்காங்க சார்."

கஸ்டமர் இல்லை, கஷ்டமர். அப்படித்தான் சொன்னான். எங்கள் ஆள் யாரும் அப்படிச் சொல்லமாட்டான். யாரு நீ, அவகிட்டக் குடு என்றேன். பின்னால் ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ் என்று நீளமாக. பிரஷர் குக்கர் அண்ணாச்சி. விசில் வரப்போகிற குக்கர். அப்படியென்றால் ஒரு வீடு. சமையல்கட்டு. பகல் இரண்டே முக்கால் மணிக்கு ஒரு ஆணும் ஒரு குக்கரும் இருக்கிற வீட்டில் இவளுக்கு என்ன வேலை? போன் கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மொத்தம் பதினொன்று. பொறுப்பில் இருக்கிறவன் அடிக்காமல் இருக்க முடியுமா?

மூன்றேகாலுக்கு அந்த எண்ணிலிருந்து எனக்குப் போன் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து. அவள் போனில் மேலே இருந்தது என் பெயர்தான், அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அத்தனை தடவை அடித்ததனால்தான் தகவல் சீக்கிரம் கிடைத்தது என்று ஆபீசில்கூடச் சொன்னேன்.

காளிராஜன் தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஓடிவந்தான். அவள் உள்ளே இருந்தாள். அப்போது உயிர் இருந்தது. வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க போயிட்டு வந்தா சார்? பைபாஸ்ல இவளுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டான்.

"தெரியலப்பா. ரெண்டே முக்காலுக்கு அடிச்சேன். ஒரு ஆம்பள எடுத்தான்."

"யாரு?"

"தெரியல. குக்கர் சத்தம் கேட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னேன். கேட்டதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. அவன் என் கையை விட்டான். நர்ஸ் வந்து, "வீட்டுக்காரர் யாருங்க, உள்ள வாங்க, கூப்பிடுறாங்க" என்றாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது தடவையும் வந்து கூப்பிட்டாள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. அவனவன் மனசு. ஆறு மணிக்கு முடிந்துவிட்டது.

அவள் தன் பெயரில் போட்டிருந்தாளே, அந்தப் பாலிசியில் பணம் வந்தது. நானே அலைந்து வாங்கிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் என்றால் என்ன என்று அப்போதாவது அவனுக்குப் புரியும் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போனபோது அவள் படம் சுவரில் இல்லை. பீரோவுக்குப் பக்கத்தில், தரையில், முகம் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தது. மகள் அதன் முதுகில் பூ வைத்திருந்தாள். காளிராஜன் காசோலையைப் பார்க்கவேயில்லை. "குரலைக் கேட்டது நீங்கதானே சார்? அது யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றான்.

அன்றையிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் வருகிறான். தறிக்கு விடுமுறை. எங்கள் ஆபீசுக்கு எதிரே பெட்டிக்கடை ஓரமாக நிற்பான். நான் வெளியே வருவேன். என் முகத்தைப் பார்ப்பான். நான் இல்லையென்று தலையாட்டுவேன். போய்விடுவான். சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. ஒரு தடவை, "வேலை மெனக்கெட்டு ஏம்ப்பா வர்றே, போன்ல கேட்கலாமே" என்றேன். "போன் வேண்டாம் சார்" என்றான். நான் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தேன் ஒரு வாரம். அடுத்த வாரம் பின்பக்கம் நின்றான்.

என் வீட்டில் ஒரு வருஷமாகக் குக்கர் வைப்பதில்லை. மனைவி பானையில்தான் வடிக்கிறாள். பக்கத்து வீட்டில் வைத்தாலும் எழுந்து வெளியே போய்விடுகிறேன். போனும் அப்படித்தான். இப்போதும் புதியவர்களுக்கு மணிக்கொரு தடவை அடிக்கத்தான் அடிக்கிறேன். மணி போகும்போதெல்லாம், இப்போது அந்தக் குரல் எடுக்கும், எடுத்து அதையே சொல்லும் என்று நினைத்துக்கொள்வேன். பெண் குரல் எடுத்ததும்தான் மூச்சு வரும். 'எங்க இருக்கே' என்று கேட்பேன்.

அதனால் தாளை எடுத்தேன். ஒன்றாம் எண்ணிலிருந்து ஆரம்பித்தேன். ஆண்கள் முப்பத்திநாலு பேர். சித்தப்பா, மச்சான், ஸ்கூல் வேன் டிரைவர், கேபிள்காரர், எல்லோர் வீட்டுக்கும் போனேன். 'கஸ்டமர்' என்கிற வார்த்தை வருகிற மாதிரிப் பேச்சுக் கொடுப்பேன். கேபிள்காரர் அந்த வார்த்தையை எட்டுத் தடவை சொன்னார், அத்தனையும் சுத்தமாக. சித்தப்பா கஸ்டமரு என்றார். கஷ்டமர் என்று ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே குக்கர் இருக்கிறதா என்றும் எட்டிப் பார்த்துக்கொள்வேன். எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது.

உங்களைக் கடைசிக்கு வைத்தேன். காரணம் இருக்கிறது. நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே பத்தொன்பது டிக். பத்தொன்பது நாள் அண்ணாச்சி. எல்லாம் இரண்டு மணிக்குமேல். ஒரு பாலிசிகூட எடுக்காத ஆளைப் பத்தொன்பது தடவை யார் பார்ப்பார்கள்? முதலில் இங்கேதான் வந்திருக்கவேண்டும். ஆனால் பஞ்சர் கடையில் குக்கர் ஏது? அதை நினைத்துத்தான் தள்ளிப்போட்டேன். அதை மட்டும் நினைத்து என்றும் சொல்லமுடியாது. உங்களையும் பார்த்துவிட்டால் தாளில் வேறு ஆள் இல்லை. வெறும் எண்கள்தான்.

நான் கெட்டவன் இல்லை அண்ணாச்சி. அந்த ஆள் யாரென்று தெரிந்தால் போதும். அவள் வேலையில் இல்லை, வேறு எங்கோ இருந்தாள் என்று தெரிந்தால், அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடும். நான் தூங்கிவிடுவேன்.

மாட்டியாகிவிட்டதா? சரி, காற்றை அடியுங்கள். அது என்ன, கம்ப்ரசரா? என்ன இந்தச் சத்தம் போடுகிறது. கொஞ்சம் சத்தமாகப் பேசுகிறேன். நான் என்ன சொல்லவந்தேன் என்றால், காளிராஜன் இன்றைக்கும் வருவான், வெள்ளிக்கிழமை, அவனிடம் இன்றைக்கும் நான் தலையை ஆட்டினால்

அது என்ன?

இப்போது வந்ததே, மோட்டார் நின்றதும். ஸ்ஸ்ஸ் என்று. காற்று நிறைந்தால் தானாக விடுமா? எப்போதும் விடுமா?

இன்னொரு தடவை போடுங்கள். வேண்டாம், போடாதீர்கள். கேட்டுவிட்டது.

வால்வு மூடியைப் போட்டுவிட்டீர்கள். இப்போது உங்கள் வாயில் ஒன்றும் இல்லை. சொல்லுங்கள்.

ம்.

மறுபடி சொல்லுங்கள். அந்த வார்த்தையை மட்டும்.

கஷ்டமர்.

தூங்கினாளா? இந்தப் பெஞ்சிலா? பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, சேலையை முகத்தில் போட்டுக்கொண்டு. தினமும் அரை மணி நேரம். "வீட்டுக்குப் போனா மறுபடி எழுந்து வரமுடியாதுண்ணே" என்று சொன்னாளா? சார் கூப்பிட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்று அவளேதான் சொல்லிக்கொடுத்தாளா? பொய்யில்லை என்றும் சொன்னாளா? "நீங்களும் என் லிஸ்ட்ல இருக்கீங்கண்ணே, அப்ப நீங்களும் கஷ்டமருதானே." சிரித்துக்கொண்டு சொன்னாளா?

அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்புறம்? அன்றைக்கு அப்புறம் என்ன ஆயிற்று? போன் நிற்காமல் அடித்தது. பயந்துபோய் எழுப்பிவிட்டீர்கள். இரண்டு தடவை எழுப்பியும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவை தோளைத் தட்டினீர்கள். முகம் கழுவிட்டு, ஒரு டீ குடிச்சிட்டுப் போம்மா என்றீர்கள். நேரம் இல்லை என்றாள். கண்ணைத் திறக்காமலே வண்டியை எடுத்தாள். 

சரி.

சரி அண்ணாச்சி. நல்லது. கிடைத்துவிட்டது. இனி ஒரு உதவி. ஆறு மணிக்கு என்னோடு ஆபீஸ் வாசலுக்கு வரவேண்டும். ஒரு பத்து நிமிஷம். காளிராஜன் நிற்பான். நான் சொன்னால் நம்பமாட்டான், உங்கள் குரலில் சொல்லவேண்டும். இந்தப் பெஞ்சைச் சொல்லுங்கள். பையைத் தலைக்கு வைத்ததைச் சொல்லுங்கள். அண்ணே என்று கூப்பிட்டதைச் சொல்லுங்கள். குக்கர் இல்லை, இந்த டப்பா மெஷின்தான் என்று சொல்லுங்கள். அவன் வீட்டுக்குப் போய்ப் படத்தைத் திருப்பி மாட்டுவான். அந்தப் பிள்ளைக்காகவாவது.

நான் அடித்த அந்தப் பதினொரு போனை மட்டும் சொல்லவேண்டாம். அவளாகவே எழுந்து போனாள் என்று சொன்னால் போதும். அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லையே.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பேசுங்கள். இப்போதுதான் வாயில் ஒன்றும் இல்லையே.

என் போன்தான் அடிக்கிறது. ஏரியா மேனேஜர். இதுவும் மார்ச் மாதம் அண்ணாச்சி. எனக்கும் மணிக்கொரு தடவை உண்டு. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்கவேண்டும். இது இரண்டாவது.

நீங்கள் எடுங்கள். கை கறையாக இருந்தால் பரவாயில்லை, பிடியுங்கள். நான் இந்தப் பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். என்ன சொல்லவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்குச் சொன்னமாதிரியே சொல்லுங்கள்.